வெள்ளைத் துணி கட்டிய சானிட்டரி இன்ஸ்பெக்டர்

விழுப்புரம் பஸ் நிலையத்தில் சென்னை வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. தீபாவளி மலருக்கான கட்டுரையை உறையில் போட்டு ஒட்டி, வழக்கம்போல் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்ப நின்றிருந்தேன். அப்போது திண்டிவனத்திலிருந்து வந்த வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அதன் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் தோல் பையை இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

“சார், உங்களுக்குச் சேதி வந்திச்சா? நம்ம சானிட்டரி போய்ட்டாருங்க. விடியக்காலைல. மூணு நாளா மூச்சு இழுத்துக்கினே இருந்திச்சாம்.”

எந்தச் சானிட்டரி என்று நான் கேட்கவில்லை. திண்டிவனம், ஒலக்கூர் பக்கத்துக்குச் சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள் பலர் மாற்றலாகி வந்து, மாற்றலாகிப் போயிருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் ‘சானிட்டரி’ என்றால் ஞானப்பிரகாசம் ஒருவர்தான். சென்னை வண்டி ஹாரன் அடித்தது. கையில் இருந்த உறையை நான் கொடுக்கவில்லை. அதற்குள் இருந்த ஒரு வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வரியை அவர் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்பதும் கூடவே வந்தது.

அவரோடு பழகிய உங்களில் பலருக்கு அவர் கிணற்றில் மருந்து போட்டவராக, அம்மை ஊசி போட்டவராக, ஓட்டல் அடுப்பங்கரைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவராகத் தெரியும். வாண விஷயம் சிலருக்குத்தான் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பது இன்னும் குறைவான பேருக்குத் தெரியும். அதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி எழுதுவது சரியாகாது.

ஐம்பதுகளின் கடைசியில்தான் அவரை முதலில் பார்த்தேன். ஒலக்கூர் வட்டாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம் என்று அவரே பின்னாளில் கேட்டுக்கொண்டார். சித்திரையில் அம்மன் திருவிழா. வாணப் போட்டிக்குப் பேர்போன திருவிழா. யாருடைய வாணம் உயர ஏறுகிறதோ அவருக்குப் பித்தளைக் குடம் பரிசு. ஏரி வற்றிக் கிடக்கும் காலம் என்பதால் ஏரிக்குள் நின்றே வாணம் விடுவார்கள். கோயில் ஏரிக்குக் கிழக்கே, காலனி மேற்கே. பொழுது சாயும் நேரத்தில் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். அத்தனை வாணத்தின் புகையும் காலனி மேல் போய்ப் படியும். அது யாரும் வேண்டுமென்று செய்த ஏற்பாடு அல்ல என்று தர்மகர்த்தா என்னிடம் சொன்னார். வேண்டுமென்று செய்ததாக நானும் எழுதவில்லை. ஆனால் திருவிழாவுக்கு மறுநாள் அந்தக் காலனியில் இருமாத வீடு இருக்காது.

நான் போட்டியைப் பற்றி எழுதப் போயிருந்தேன். காலனியின் முதல் வீட்டுக்கு எதிரில் ஒருவர் இரண்டு சவுக்குக் கழி நட்டு, ஈர வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, பக்கத்தில் சைக்கிள். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துக் காற்றில் தூக்கிப் பிடித்து, திசை பார்த்தார். இந்த விரல் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. டீக்கடையில் நிற்கும்போதுகூட விரலைத் தூக்குவார்.

“வேட்டி காயப் போடறீங்களா?” என்று கேட்டேன்.

“காய்றதுக்கு இல்லீங்க. கரி புடிக்க. காலைல வந்து பாருங்க.”

காலையில் பார்த்தேன். வேட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை மடித்துச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், விழாக் குழு உட்கார்ந்திருந்த இடத்தில் விரித்துப் போட்டார். “ஒரு சாயங்காலத்துல இது. துணிக்கு இருமல் வராது. அங்க இருக்கிறவங்களுக்கு வருது.”

தர்மகர்த்தா சிரித்தார். “சாமிக்கே சாம்பிராணி போடறோம். புகை இல்லாத திருவிழா எங்கனா உண்டாய்யா?”

இன்னொருவர் எழுந்தார். “உங்க மாதா கோயில் தேருக்கு வாணம் வுடறதில்லையா? அங்க போய் விரிச்சுப் போடேன் உன் வேட்டிய.”

ஞானப்பிரகாசம் முகையூர்க்காரர், கிறிஸ்தவர். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் வேட்டியைப் பார்த்தபடியே, “போட்டேங்க. எங்க வூட்டு வாசல்லயே கட்டினேன். எங்க துணி உங்களுதவிடக் கருப்பு” என்றார். குழுவில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அன்றே அவரை அனுப்பி வைத்திருப்பார்கள்.

திரும்பும் வழியில், ஏன் உத்தரவு போடவில்லை என்று கேட்டேன். வாணம் விடுவதற்கான உரிமத்தாளை அவர் வரி வரியாகப் படித்திருந்தார். “நெருப்பப் பத்தி இருக்குது. எவ்ளோ தூரத்துல நிக்கணும்னு இருக்குது. எவ்ளோ மருந்து வைச்சுக்கலாம்னு இருக்குது. புகைன்னு ஒரு வரி இல்ல. அதனால நான் மெரட்ட முடியாது ரிப்போர்ட்டரே, ஆசைதான் காட்ட முடியும்.”

அவர் காட்டிய ஆசைதான் இரண்டாவது குடம். உயர ஏறுவதற்கு ஒரு குடம் என்றால், குறைவாகப் புகை விடுவதற்கு இன்னொரு குடம். அந்தக் குடத்தை வாங்குபவருக்கே அவ்வருடத் திருவிழா வாணம் முழுவதையும் செய்யும் வேலை. போட்டி திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, பங்குனி வெயிலில், பட்டப்பகலில். “இருட்டுல நெருப்புதான் தெரியும். பகல்லதான் புகை தெரியும்” என்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு முழம் நனைத்த வெள்ளைத் துணி, காற்று போகும் திசையில் ஒரே தூரத்தில் கட்டப்படும். பத்து வாணம் விட்டபின் துணிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பார்கள். பகல் வாணத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று ஊரில் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள் அத்தனை பேரும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

முதல் வருடமும் இரண்டாம் வருடமும் குடத்தை வாங்கியவர் முனுசாமி. அவரும் அவர் மனைவி அஞ்சலையும் ஊருக்கு வெளியே, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை ஓரத்தில் ஒரு குடிசையில் வாணம் செய்துவந்தார்கள். முனுசாமி எருக்கங்கரியை மூன்று முறை சலித்தார். வெடியுப்பை நன்றாகக் காயவைத்தார். கந்தகத்தைக் கொஞ்சம் குறைத்தார். துணி கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்தது, சாம்பலிலிருந்து இன்னும் வெளுத்தது. காலனியில் அந்த இரண்டாம் சித்திரையில் இருமல் குறைந்ததென்று ஞானப்பிரகாசம் வீடு வீடாகக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அவர் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்தில் அதுதான் பெரியது. அப்போதும் விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் வருடம் முனுசாமியின் துணி வெள்ளையாகவே இருந்தது.

பத்து வாணமும் சீறிக்கொண்டு போயின. பின்னால் பனிபோல் மெல்லிய கோடு. அதுவும் உடனே கலைந்தது. ஊர் கைதட்டியது. தர்மகர்த்தா துணியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, “சலவைக்காரன் தோத்தான்!” என்றார். ஞானப்பிரகாசம் மட்டும் கைதட்டவில்லை. முனுசாமியிடம் போய், “கந்தகத்த எடுத்துட்டே, சரி. அதுக்குப் பதிலா இன்னா போட்டே?” என்று கேட்டார்.

“அது தொழில் ரகசியம் இன்ஸ்பெட்டரே. குடத்தக் குடுங்க.”

குடத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கை தயங்கியதை நான் பார்த்தேன். அதை எழுதவில்லை. நான் எழுதியது வேறு.

அவரிடம் சொல்லாத ரகசியத்தை முனுசாமி என்னிடம் சொன்னார். பேப்பரில் பேர் வரப்போகிறது என்ற மகிழ்ச்சி. தீப்பெட்டி மருந்துக்குப் போடும் ஒரு வெள்ளை உப்பைச் சேர்த்திருந்தார். அதன் பெயரையும் சொன்னார். ‘புகையில்லா வாணம்’ என்று தலைப்புக் கொடுத்து, அந்த உப்பைச் சேர்த்ததுதான் அதிசயத்துக்குக் காரணம் என்று நான் எழுதினேன். கட்டுரை அரைப் பக்கத்துக்கு வந்தது. விவரம் எதையும் விடாமல் எழுதிய பெருமை எனக்கு.

கட்டுரை வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு முற்பகலில் ஞானப்பிரகாசம் விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பேப்பர். ஒலக்கூரில் யார் வீட்டிலோ அலமாரிக்கு விரித்திருந்ததை அன்றுதான் பார்த்தாராம். உப்பு இருந்த வரியின் கீழ் பென்சில் கோடு.

“இது நெசமா?”

“முனுசாமியே சொன்னது சார்.”

“சட்டையப் போடுங்க. ஜல்தி.”

பஸ்ஸில், தீப்பெட்டி மருந்து அரைக்கும்போது வெடித்துக் காயம்பட்ட ஒருவரைத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் தாம் முன்பு பார்த்திருப்பதாக மட்டும் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. திருவிழாவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

குடிசையில் முனுசாமி இல்லை. அஞ்சலை வெளியே வந்தார். உள்ளே, சுவரோடு சுவராக, திருவிழாவுக்கான வாணங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஞானப்பிரகாசம் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, சாதாரணமாக விசாரிப்பதுபோல் கேட்டார்.

“மருந்து யாரும்மா இடிக்கிறது?”

“நான்தாங்க. அவருக்குத் தோள் வலி.”

“புது மருந்து எப்படி, பழசு மாதிரிதானா?”

“அது கொஞ்சம் பேஜாருங்க. இடிக்கச் சொல்ல ஒண்ணு ரெண்டு தபா பட்டுனு வெடிக்குது. பொறி பறக்குது. அதான் மூஞ்ச அப்பால திருப்பிக்கினு இடிக்கிறேன்.”

ஞானப்பிரகாசம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை தண்ணீர் கொண்டுவர உள்ளே போகத் திரும்பினார். “உள்ள போவாதம்மா!” என்று அவர் கத்தியது இன்றும் எனக்குக் கேட்கிறது. அந்தக் குரலில் அவர் அதற்கு முன்னும் பின்னும் பேசி நான் கேட்டதில்லை.

முனுசாமி வந்ததும் வாக்குவாதம் தொடங்கியது. ஒரு மாத உழைப்பைத் தண்ணீரில் போடச் சொன்னால் யார்தான் ஒப்புவார்கள்?

“மாட்டேன். தண்ணில போட்டா திருவிழாவுக்கு எத வுடறது? ஊரு என்னைக் கட்டி வைச்சு அடிக்கும்.”

“அஞ்சலை மூஞ்சத் திருப்பிக்கினு இடிக்குது முனுசாமி.”

“வெள்ளத் துணி கேட்டது யாரு? நானா? நீங்கதான கேட்டீங்க. வெள்ளத் துணி குடுத்தேன். குடத்தையும் நீங்கதான குடுத்தீங்க. இப்ப வந்து குத்தம் சொல்றீங்களே!”

ஞானப்பிரகாசம் தரையிலிருந்து எழுந்தார். பிறகு, “ஆமாப்பா. நான் துணிய மட்டும் பாத்தேன். தப்பு என்னுது. ஊருக்கு முன்னால நானே சொல்றேன்” என்றார்.

முனுசாமி அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அதிகாரி ஒருவர் தன் குடிசை வாசலில் நின்று அப்படிச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பப் போனார்.

முனுசாமியும் ஞானப்பிரகாசமும் நானும் ஒவ்வொன்றாக எடுத்துவந்தோம். “குழந்தைய எடுத்தார மாதிரி, தட்டாம, உரசாம” என்றார் ஞானப்பிரகாசம். ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் வைக்கும்வரை மூச்சு விட முடியவில்லை. அடுத்ததை எடுக்கும்போது மறுபடியும் அதே. அஞ்சலையைத் தூரத்து வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லியிருந்தோம். அவர் அங்கிருந்தபடி, “ரிப்போட்டர் ஐயா தட்டுல முட்டை தூக்கற மாதிரி நடக்கறாரு” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நனைந்த மருந்தை ஏரியில் கொட்டலாம் என்றார் முனுசாமி. மழை வந்தால் ஏரித் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள் என்று சொல்லி, கிணறுகளுக்கெல்லாம் எட்ட, மேட்டில் குழி வெட்டச் சொன்னார் ஞானப்பிரகாசம்.

அன்று பிற்பகலே கோயிலில் ஊரைக் கூட்டச் செய்து, தாம் வைத்த குடம் தவறு என்று சொன்னார். கூச்சல் எழுந்தது. “திருவிழாவக் கெடுக்கவே வந்தான்” என்று ஒருவர் மண்ணை வாரி இறைத்தார். தர்மகர்த்தா மட்டும், “பொம்பள கையி போறதுக்கு வாணம் போவட்டும்” என்று எழுந்து போய்விட்டார். அந்த வருடம் அம்மனுக்கு வாணம் இல்லை.

எனக்கு அதோடு முடிந்துவிட்டது போலிருந்தது. அவருக்கு இல்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது, “உங்க பேப்பர் எத்தினி ஊருக்குப் போவுது?” என்று கேட்டார்.

நான் நின்றுவிட்டேன். கட்டுரையைப் படித்து, உப்பைப் பற்றி விசாரித்து எனக்கு மூன்று கடிதங்கள் வந்திருந்தன. இரண்டுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. முதல் கடிதத்துக்குப் பதில் போட்டிருந்தேன். உப்பின் பெயரை, எழுத்துப் பிழை இல்லாமல், போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். வளவனூர் தாண்டி இறங்கி, கரும்புக் கொல்லை நடுவே நடந்தோம். அவர் வழியெல்லாம் விரலைத் தூக்கவில்லை. நான் கார்டு போட்ட வாணக்காரர் தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. நான்கு நாள் ஆகியிருந்தது. இரண்டு விரல் போயிருந்தது. நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து, இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களே வந்துட்டீங்களா! கார்டு வந்திச்சுங்க. எங்களப் பத்தியும் பேப்பர்ல போடுவீங்களா?”

நான் அவர் வலது கையைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். “வெரல் போச்சேன்னு பாக்காதீங்க. பத்து வெரல் வேலைய எட்டு வெரல்ல செய்லாம். ஆனா துணி கட்டிப் பாத்தேங்க. துணி வெள்ளையாதாங்க இருந்திச்சு.”

மற்ற இரண்டு ஊருக்கும் அன்றே போனோம். ஓர் ஊரில் உப்பு வாங்கி வைத்திருந்தார்கள், இடிக்கவில்லை. இன்னொன்றில் கேட்டதோடு சரி. ஞானப்பிரகாசம் சொல்லச் சொல்ல ஒரு திருத்தம் எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். அரைப் பக்கக் கட்டுரைக்கு நான்கு வரித் திருத்தம், உள்பக்கத்தில், தானிய விலைக்குக் கீழே வந்தது. ஞானப்பிரகாசம் என் கட்டுரையையும் அந்த நான்கு வரியையும் ஒரே அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டி, அதற்கடுத்த வருடங்களில் வாணம் செய்யும் ஊர் ஒவ்வொன்றுக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் காட்டினார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. “நீங்க எழுதினது பொய் இல்ல ரிப்போர்ட்டரே. பாதிதான் கேட்டீங்க” என்று ஒருமுறை சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

குடத்தை அவர் கைவிட்டுவிடவில்லை. அடுத்த வருடம் மறுபடியும் குழுவிடம் போய், புது நிபந்தனையோடு கேட்டார். துணி பார்ப்பதற்கு முன், போட்டியிடுபவர் எல்லார் எதிரிலும் உட்கார்ந்து தன் மருந்தைத் தானே இடித்துக் காட்ட வேண்டும். எதிரில் ஞானப்பிரகாசம் உட்கார்ந்திருப்பார். “மூஞ்சத் திருப்பாம இடிக்கிற மருந்துக்குத்தான் குடம்.” வெள்ளைத் துணி அதற்குப் பிறகு யாருக்கும் வந்ததில்லை. சாம்பல் நிறத் துணிகளில் எது வெளிறியதோ அதற்குக் குடம். மீதிப் புகைக்கு, வாணத்தின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, விடும் இடத்தை ஏரியின் வடக்கு மூலைக்கு மாற்ற வைத்தார். காற்று இப்போது காலனியைத் தொடாமல் பொட்டல் மேல் போகிறது. முதல் நாளே இடத்தை மாற்றக் கேட்டிருக்கலாமே என்றேன். “கேட்டேங்க. அப்ப ஒத்துக்கல. மண்ணு வாரி அடிச்ச பெறகுதான் ஒத்துக்கினாங்க” என்றார்.

தெற்கே கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் ஏவப்பட்ட செய்தி வந்தபோது ஊரே பேசியது. அவர் என்னிடம் கேட்டது, அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது. இந்த வருடம் நிலவில் மனிதர் இறங்கிய பிறகு திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்று, இளைப்பு முற்றி, இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். பேப்பரில் ராக்கெட் கிளம்பும் படம். எல்லாரும் அதன் முனையைப் பார்ப்பார்கள். அவர் விரல் அடியில் திரண்டிருந்த புகையின் மேல் இருந்தது.

“இவ்ளோ பெரிய வாணத்துக்கு எங்க ரிப்போர்ட்டரே துணி கட்டுவாங்க?”

புகை இல்லாத எரிபொருளும் வந்துவிட்டதாகப் படித்தேன் என்று, அவரைச் சந்தோஷப்படுத்த, சொன்னேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“அத யாரு இடிக்கிறாங்க? நேராப் பாத்து இடிக்கிறாங்களா?”

இடிப்பதில்லை சார், நிரப்புவார்கள் என்றேன். “ஏதோ ஒண்ணு. பக்கத்துல ஒரு ஆள் நிப்பான் இல்ல? அவன் மூஞ்சியப் பாத்து எழுதுங்க” என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

பஸ் நிலையத்தில் என் கையில் இருந்த கட்டுரை, வாணத்திலிருந்து ராக்கெட் வரை என்பது பற்றியது. அதில், நிலவுக்குப் போன ராக்கெட்டின் மேலடுக்குகளில் எரிவது புகையில்லா எரிபொருள், அது நீராவியை மட்டுமே விடுகிறது என்று ஒரு வரி. எட்டு வருடங்களுக்கு முன் தலைப்பில் போட்ட அதே சொல்லை, யோசிக்காமல், மறுபடியும் எழுதியிருந்தேன். அந்த வரி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறையும் நான் பாதிதான் கேட்டிருந்தேன். உறையைப் பிரித்து, பஸ் நிலையத்து டீக்கடை மேசையில் வைத்து, அதன் கீழ் ஒரு வரி சேர்த்தேன்: ‘அதை நிரப்புகிறவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பது இதை எழுதுபவனுக்குத் தெரியாது.’ அடுத்த சென்னை வண்டியில் கொடுத்துவிட்டு, திண்டிவனம் வண்டியில் ஏறினேன். அந்த வரி மலரில் வருமா என்று தெரியவில்லை. தானிய விலைக்குக் கீழேகூட வராமல் போகலாம்.

அடக்கத்தன்று முனுசாமியும் அஞ்சலையும் வந்திருந்தார்கள். அஞ்சலை இரண்டு கையையும் கூப்பி நின்றார். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளவனூர்ப் பக்கத்து மனிதருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. அல்லது எனக்குத்தான் அவரைத் தேட தைரியம் வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இரண்டு. ஒன்று, ‘அதுக்குப் பதிலா இன்னா போட்டே?’ என்ற கேள்வி. எதையும் புகழ்ந்து எழுதுமுன் அது வந்து நிற்கிறது. பதில் கிடைக்காதபோது பேனா ஓடுவதில்லை. இன்னொன்று, மூன்றாம் வருடத்துத் துணி. தர்மகர்த்தாவின் தோளிலிருந்து வாங்கி, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை எனக்குக் கொடுத்திருந்தார். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சித்திரை பிறந்து எங்கோ தூரத்து ஊரில் ஏதாவது ஒன்று வெடித்துக் கேட்டால், அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு நான்கு வரியைப் படிக்காத யாரோ என்று இழுப்பறையைத் திறந்து பார்க்கிறேன். துணி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.